இருட்டில் சிவப்பும் கருப்பும்

ஆண்டு மலருக்கு "ஏதாவது எழுதிக் குடுடா" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது முதலில் ஒரு கவிதைதான் யோசித்தேன். ஆனால் அம்மாவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் இந்த மலரில் எப்படியும் பதினைந்து கவிதை வந்துவிடும். அதனால் நான் நான்கு டையோடுகளைப் பற்றி எழுதுகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களே, தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கணக்கு கொஞ்சம்தான் வரும். மீதியெல்லாம் எங்க அப்பா.

நாம் எந்த சர்க்யூட் வரைந்தாலும் மேலே ஒரு அம்புக்குறி போட்டு "+12 வோல்ட்" என்று எழுதிவிடுவோம். கீழே மூன்று கோடு போட்டு கிரவுண்ட். அதற்கப்புறம்தான் டிரான்சிஸ்டர், ஐசி, கெயின், பேண்ட்வித் எல்லாம். அந்த 12 வோல்ட் எங்கேயிருந்து வருகிறது, யார் கையால் வருகிறது என்று இரண்டரை வருஷத்தில் ஒரு வைவாவிலும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. லேபில் அது மேஜைமேல் இருக்கிற பவர் சப்ளையில் இருந்து வரும். குமிழைத் திருகினால் வோல்ட் ஏறும், தப்பாகக் கொடுத்தால் சிவப்பு விளக்கு எரிந்து தானே கரண்ட்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். பேட்டரிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பா உப்பு வியாபாரம். முன்பு உப்பளத்தில் கூலிக்குப் போனார். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு பழைய டிவிஎஸ் வண்டி வாங்கி, அதில் மூன்று மூட்டை கட்டிக்கொண்டு ஆயக்காரன்புலம், வாய்மேடு, தகட்டூர் என்று ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். கருவாட்டுக்கு, ஊறுகாய்க்கு, தென்னை மரத்து அடியில் போட என்று கல்லுப்புக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆனால் தெருவில் உப்பு வந்திருப்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு இருந்த ஒரே சாதனம் அப்பாவின் தொண்டை.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு மாதம் ஆகியும் சரியாகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கத்திக் கத்திக் குரல் நாண் இரண்டிலும் கையில் காய்ப்பு விழுவதுபோல் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் சத்தம் போடக்கூடாது என்றார்கள். உப்பு விற்கிறவரிடம் சத்தம் போடாதே என்றால்?

குரலைப் பதிவு பண்ணிப் போடுகிற மைக் செட் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. காய்கறி வண்டி, பழைய இரும்பு வண்டி எல்லாவற்றிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் வீட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பையன் இருக்கும்போது கடையில் வாங்குவதா? எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். சேர்க்கை விண்ணப்பத்தில் "தந்தையின் கல்வித் தகுதி" என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தவன். எனக்கும் எதையாவது செய்து காட்ட வேண்டியிருந்தது.

இரண்டாம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் செய்து முடித்தேன். ஒரு ஹாரன் ஸ்பீக்கர், டிடிஏ2003 ஐசி வைத்த ஆம்ப்ளிஃபையர் போர்டு, மெமரி கார்டு போட்டுப் பாட்டு கேட்கிற சின்ன போர்டு, அதற்கு 7805 வழியாக 5 வோல்ட். பேட்டரி, யுபிஎஸ்ஸில் போடுகிற சீல் செய்த 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் லெட் ஆசிட். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். வெளியே இரண்டு ஒயர், நுனியில் முதலைவாய் கிளிப். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, நாய் குரைப்பதற்குள் அவசரமாக அப்பாவின் குரலைப் போனில் பதிவு செய்தோம். கட்டிப்போன தொண்டையில் அது அவருடைய பழைய குரல் இல்லை. இருந்தாலும் "உப்பேய்... கல்லுப்பு, தூளுப்பு" என்று அந்த இழுவை அப்படியே வந்தது.

மறுநாள் தெருவில் அது பாடியபோது நான் ஏதோ சாட்டிலைட் விட்டவன் மாதிரி நின்றேன்.

பன்னிரண்டு நாள் பாடியது. நான் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். அப்பா தினமும் சாயங்காலம் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டுவிட்டு, விடியற்காலை நாலரை ஐந்து மணிக்கு அதை வண்டியில் வைத்துக் கிளிப்பை மாட்டுவார். அம்மாவும் தங்கையும் தூங்குவார்கள் என்று லைட் போட மாட்டார். பதிமூன்றாம் நாள் கிளிப் மாறிவிட்டது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனபோது ஹாரன் வண்டியில் அப்படியே இருந்தது. அப்பாவோ பழையபடி கத்திக்கொண்டிருந்தார். குரல் இன்னும் மோசம். "என்னப்பா ஆச்சு?" என்றால், "என்னமோ புகை வந்துச்சு தம்பி. ஒனக்குப் பரீட்சை நேரம்னு சொல்லல. ஹாரன் அழகுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்கிறார்.

டப்பாவைத் திறந்தேன். கப்பாசிட்டர் வயிறு வீங்கிப் போயிருந்தது. ஐசி வெடித்து ஒரு மூலை பெயர்ந்திருந்தது. மெமரி கார்டு போர்டும் போய்விட்டது. கார்டு மட்டும் பிழைத்தது. எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை. "செவப்பு பிளஸ், செவப்பு பிளஸ்னு எத்தன தடவ சொன்னேன்? படிக்காதவங்க கையில குடுத்தா இப்படித்தான்" என்றேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவரே என்னை எழுப்பினார். வாசலுக்குக் கூட்டிப் போய் இரண்டு ஒயரையும் என் கையில் கொடுத்தார். "எது தம்பி செவப்பு?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கருப்பாகத்தான் இருந்தது.

"இருட்டுல செவப்பும் கருப்பும் ஒண்ணுதாம்ப்பா" என்றார். கோபமாக இல்லை, உப்பு எடை போடுகிற குரலில்.

பிறகு படித்துப் பார்த்தேன். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்கிற கண்ணின் செல்களுக்குச் சிவப்பு நிறம் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாதாம். அதனால் இருட்ட ஆரம்பித்தால் எல்லா நிறத்துக்கும் முன்னால் கருப்பாகிறது சிவப்புதான். நாம் என்னவென்றால் பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸ்ஸுக்குக் கருப்பு என்று வைத்திருக்கிறோம்! கார் பேட்டரியிலாவது பிளஸ் முனை மைனஸ்ஸைவிடக் கொஞ்சம் பருமன், தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். என் 7 ஆம்பியர் அவர் பேட்டரியில் இரண்டு தகடும் ஒரே அளவு.

அன்று காலை அப்பா இன்னொன்றும் சொன்னார். "நானும் முப்பது வருஷமா டார்ச் லைட்டு வச்சிருக்கேன். பேட்டரி கட்ட மூணையும் திருப்பிப் போட்டாலும் அது எரியுமே." எங்கள் வீட்டுப் பழைய டார்ச்சை எடுத்து மூன்று கட்டையையும் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது. எரியாமல் எப்படி இருக்கும்? உள்ளே இருப்பது இழை பல்பு. கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் இழை சூடாகும். சைக்கிள் டைனமோவில் இருந்து வருவது ஏசி, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தாலும் பாடும். அப்பா கையாண்ட எந்தப் பொருளும் அவரைத் திசை கேட்டதில்லை. திசை கேட்கிற முதல் பொருளை அவர் கையில் கொடுத்தவன் நான். அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அவருக்குத் தெரிந்ததற்கு நேர்மாறாக நான் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன்.

இதில் இன்னொரு வெட்கம் உண்டு. எனக்கு இது தெரிந்த விதம் அப்படி. கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் ஊர் இருட்டு. ஒரு அண்ணன் மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஒயர் கொடுத்துப் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு உதவி. ஒருமுறை மாற்றி வைக்கப் போனேன். பளாரென்று கையில் ஒன்று வைத்தார். என் முதல் போலாரிட்டி பாடம் அதுதான். அடிவாங்கிக் கற்றதை அப்பா சொல்லிக்கொடுத்த உடனே கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் டிடிஏ2003-இன் டேட்டா ஷீட்டை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். (நாம் எல்லாரும் பின் டயகிராமோடு நிறுத்திவிடுவோம் என்பது உண்மையா இல்லையா?) அது கார் ரேடியோவுக்காகச் செய்த ஐசி. காரில் ரேடியோ மாட்டுகிறவர் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். சப்ளையில் தொடராக 1 ஆம்பியர் வேக ஃபியூஸ் ஒன்று போட்டிருந்தால், அந்த ஃபியூஸ் போகிற நேரம்வரை 5 ஆம்பியர்வரை தலைகீழ் கரண்ட்டை ஐசி தாங்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் ஃபியூஸ் போடவில்லை. சில ரூபாய் சமாச்சாரம். 7 ஆம்பியர் அவர் பேட்டரியைக் குறுக்கே பிடித்தால் பல பத்து ஆம்பியர் கொட்டும், ஐசி என்ன செய்யும்? எங்கோ உட்கார்ந்து அந்தச் சிப்பைச் செய்தவர்களுக்கு எங்க அப்பா மாதிரி ஒருத்தர் ஞாபகத்தில் இருந்திருக்கிறார். பெற்ற பிள்ளைக்கு இல்லை.

சரி, இனி சர்க்யூட்டுக்கு வருவோம். தலைகீழ் இணைப்பில் இருந்து காப்பாற்ற என்ன வழி என்று எங்கள் லேப் சாரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், "எத்தன வழி இருக்குன்னு நீயே எழுதிட்டு வா" என்றார்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது, பிளஸ் ஒயரில் ஒரு 1என்4007. ஓர் ஆம்பியர் ஓடும்போது அதில் 0.9 வோல்ட் அளவுக்கு விழும். ஒலியின் திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 12 வோல்ட் 11.1 ஆனால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். கேட்கும்போது பெரிய நஷ்டம் மாதிரி இருக்கும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. 12 வோல்ட்டில் இதை மன்னிக்கலாம். ஒற்றை லித்தியம் செல்லில் ஓடுகிற கருவியில் மன்னிக்க முடியாது. 3.7-இல் 0.9 போனால் கிட்டத்தட்ட கால் பங்கு.

இரண்டாவது வழி, ஃபியூஸுக்குப் பின்னால் சப்ளைக்குக் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாகப் போடுவது. சரியாக மாட்டினால் அது இருப்பதே தெரியாது, ஒரு வோல்ட்டும் வீணாகாது. தப்பாக மாட்டினால் டையோடு மொத்தக் கரண்ட்டையும் இழுத்து ஃபியூஸை எரித்துவிடும். அழகான சர்க்யூட். ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தகட்டூரில் 1 ஆம்பியர் ஃபியூஸுக்கு எங்கே போவது? கடை பக்கத்தில் இருக்கிறவர்களுக்கான சர்க்யூட் அது.

மூன்றாவது, பி சேனல் மாஸ்ஃபெட். இதைத்தான் சார் எதிர்பார்த்தார். டிரெயினைப் பேட்டரி பக்கமும் சோர்ஸை லோடு பக்கமும் வைத்து, கேட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக மைனஸ்ஸில் கட்டிவிட வேண்டும். நாம் ஸ்விட்சாகப் போடுவதற்கு நேர் எதிராக. சரியாக மாட்டினால் உள்ளே இருக்கிற பாடி டையோடு முதலில் கடத்தும், உடனே சோர்ஸ் மேலே ஏறி மாஸ்ஃபெட் முழுசாகத் திறந்துகொள்ளும். தப்பாக மாட்டினால் கதவு சாத்தியபடியே இருக்கும். ஐஆர்எஃப்9540 போட்டால் ஓர் ஆம்பியருக்கு 0.2 வோல்ட் அளவுதான் விழும். ஃபியூஸ் எரியாது, புகை வராது, எதுவும் கெடாது. பார்த்தவுடன் காதல் மாதிரி எனக்கு இது பிடித்துவிட்டது. புது ஐசி, புது போர்டு எல்லாம் போட்டு, (இந்தத் தடவை ஃபியூஸும் போட்டு) ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே மாற்றி மாட்ட முடியாத மாதிரி ஒரு பிளக்கும் வைத்தேன். மூன்றாம் நாளே அப்பா பிளக்கை வெட்டிவிட்டு மறுபடி கிளிப் போட்டுக்கொண்டார். ஏனென்றால் வாய்மேட்டில் அவர் மத்தியானம் சார்ஜ் ஏற்றுகிற சைக்கிள் கடையில் இருப்பது கிளிப்தான். எனக்குத் தெரியாத இன்னொரு விஷயம்!

மாஸ்ஃபெட்டாவது நிலைத்ததா? ஒரு மாதம் கழித்துப் போன் பண்ணினேன். "பாடுதாப்பா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாடுது... நேத்திக்கு மட்டும் பாடல. நீ மறுபடியும் செலவு பண்ணுவியேன்னுதான் அதத் தொடல" என்றார்.

நடந்தது இதுதான். இருட்டில் கிளிப் மாறியிருக்கிறது. மாஸ்ஃபெட் தன் கடமையைச் செய்து கதவைச் சாத்திவிட்டது. ஆனால் அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், முன்பு சத்தம் நின்றது, அப்போது எல்லாம் எரிந்து போயிருந்தது. இப்போதும் சத்தம் இல்லை. மகன் பணம் மறுபடி போச்சு. கிளிப்பை மாற்றிப் பார்க்கக்கூட பயந்துகொண்டு அன்று பூராவும் தொண்டையாலேயே கத்தியிருக்கிறார். சர்க்யூட் முழுசாகப் பிழைத்தது. காப்பாற்ற வேண்டியதாக இருந்தது அந்தத் தொண்டை அல்லவா?

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் லிஸ்டில் நாலாவதாக ஒன்று எழுதி, "வேஸ்ட்" என்று நானே அடித்து வைத்திருந்தேன். பிரிட்ஜ். ஏசியை டிசி ஆக்க நாம் முதல் வருஷமே போடுகிற அதே நான்கு டையோடு. பேட்டரியை அதன் ஏசி முனைகளில் கொடுத்துவிட்டால் எந்தப் பக்கம் எதை மாட்டினாலும் அந்தப் பக்கம் பிளஸ் பிளஸ்ஸாகவே வரும். டார்ச் லைட் மாதிரி! சாதா டையோடு என்றால் இரண்டு சேர்ந்து 1.8 வோல்ட் தின்றுவிடும். 1என்5822 என்கிற ஷாட்கி டையோடு போட்டால் ஓர் ஆம்பியரில் ஒன்றுக்கு 0.4, இரண்டுக்கு 0.8 வோல்ட். முதல் வழியில் போனதைவிட அதிகமில்லை. ஒரே நிபந்தனை, மைனஸ் ஒயர் வண்டியின் உடம்பில் எங்கும் படக்கூடாது. என் டப்பா பிளாஸ்டிக், பேட்டரி தனி, அதனால் கவலையில்லை. (இன்புட்டில் மின் அதிர்ச்சியைத் தாங்க டிவிஎஸ் டையோடு போடச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் டிவிஎஸ் என்றால் அப்பாவின் வண்டி. டப்பாவுக்குள் டிவிஎஸ் இருக்கிறது என்று சொன்னபோது தங்கை சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.)

பிரிட்ஜ் வைத்ததோடு இன்னொன்றையும் சேர்த்தேன். அப்பா பேட்டரியைச் சத்தம் தேய்ந்து முனகுகிறவரை ஓட்டுவார். லெட் ஆசிட் பேட்டரியை 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துகொண்டே போகும். அதனால் வோல்ட் குறைந்தால் தானாக நிறுத்த டிஎல்431 வைத்து ஒரு கட் ஆஃப். அதன் ரெஃபரன்ஸ் 2.495 வோல்ட். 33கே, 10கே போட்டால் 10.73-இல் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. ஆனால் நான் வோல்ட் பார்த்தது பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம். நடுவில் 0.8 விழுவதை மறந்துவிட்டேன். பேட்டரி 11.5-இல் இருக்கும்போதே நின்றுவிட்டது.

நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தம் வரும்போது கரண்ட் அதிகம், வோல்ட் இறங்கும், கட் ஆஃப். கட் ஆனதும் லோடு இல்லை, வோல்ட் ஏறும், மறுபடி ஆன். தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது ஹாரன், "உ... உ... உப்... உப்பே..." என்று ஆரம்பித்துவிட்டதாம். பிள்ளைகள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் அதே மாதிரி சொல்லிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். நான் போனில் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பாவோ, "அன்னக்கி வியாபாரம் நல்லா இருந்துச்சு தம்பி, அப்படியே இருக்கட்டுமே" என்றார். ஹிஸ்டரிஸிஸ் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறோமே, அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். வெளியீட்டில் இருந்து ஒரு பெரிய ரெசிஸ்டரைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது பேட்டரி 10.8 அளவில் நிற்கும், திரும்ப 12-ஐத் தொட்டால்தான் பாடும். 33கே போய் 27கே-யும் 3.3கே-யும் தொடராக வந்தது.

இவ்வளவும் செய்துவிட்டு ஒருநாள் சும்மா மல்டிமீட்டரை எடுத்து, பாடிக்கொண்டிருக்கும்போது பேட்டரித் தகட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். 0.6 வோல்ட்! ஒரு கிளிப்பில் மட்டும். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து இருந்து கிளிப் பூராவும் பச்சைக் களிம்பு. நான் 0.8 வோல்ட்டுக்காக ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன், களிம்பு சத்தமில்லாமல் அதில் முக்கால் பங்கைத் தின்றுகொண்டிருந்தது. எந்தப் புத்தகத்து சர்க்யூட்டிலும் களிம்புக்குக் குறியீடு இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "குத்துவெளக்குல பூக்குமே, அது மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கொட்டைப் புளியைக் கொண்டுவந்தாள். தேய்த்தால் செம்பு நிறம் பளிச்சென்று வந்துவிட்டது. புளிப்பு ஒட்டியிருந்தால் மறுபடி அரிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, வாசலின் தடவினோம். இப்போது 0.05 வோல்ட். வாரம் ஒருமுறை இது அம்மாவின் டிப்பார்ட்மெண்ட்.

இதையே மினி புராஜெக்டாக வைத்தேன். சார் பிரிட்ஜைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "மாஸ்ஃபெட் தெரிஞ்சவன் எதுக்கு 0.8 வோல்ட்ட வீணாக்குற?" நடந்ததைச் சொன்னேன். "அப்ப மாஸ்ஃபெட்ட வச்சுகிட்டு, மாத்தி மாட்டினா எரியிற மாதிரி ஒரு எல்இடி போட்டிருக்கலாமே? ஒரு ரூபா செலவு."

நியாயமான கேள்வி. எனக்கும் அது தோன்றாமல் இல்லை. "சார், அந்த எல்இடி எங்க அப்பாவப் பாத்து தினமும் 'நீ தப்பாப் பண்ணிட்ட'ன்னு சொல்லும் சார். அத நான் ஏற்கனவே ஒரு தடவ சொல்லிட்டேன்" என்றேன். லேபில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால் அவசரமாக டைப் சி பற்றிச் சொன்னேன். பழைய போன் சார்ஜரை எந்தப் பக்கம் குத்துவது என்று தெரியாமல் நாம் எத்தனை முறை திருப்பியிருப்போம்? 2014-இல் வந்த டைப் சி-யில் 24 முனைகளை இரண்டு பக்கமும் ஒத்து வருகிற மாதிரி அமைத்து, எப்படிக் குத்தினாலும் ஏறும்படி செய்துவிட்டார்கள். அதற்காக போன் வைத்திருக்கிறவர்களை யாரும் படிக்காதவர்கள் என்று சொல்லவில்லையே சார், என்றேன்.

சார் சிரித்துவிட்டார். மார்க்கில் இரண்டைக் குறைத்துவிட்டுத்தான் சிரித்தார். பிறகு என் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் போட்டார். பிரிட்ஜ்தான், ஆனால் டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட், மேலே இரண்டு பி சேனல், கீழே இரண்டு என் சேனல். கேட்டுகள் எதிர்முனையில் கட்டியிருந்தது. எந்தப் பக்கம் மாட்டினாலும் சரியான இரண்டு மட்டும் திறக்கும். ஐஆர்எஃப்9540-உம் ஐஆர்எஃப்540-உம் போட்டால் மொத்தமே 0.3 வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். கேட்டுக்கு 20 வோல்ட்வரை தாங்கும் என்பதால் 12-க்குப் பயமில்லை. "இத ஏன் மொதல்லயே சொல்லல சார்?" என்றேன். "நீ மொதல்லயே உங்க அப்பாவப் பத்திச் சொல்லலியே" என்றார்.

போன மாதம் ஊரில் இருந்தேன். விடியற்காலை வாசலில் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா இருட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டே, ஒயரைப் பார்க்காமல் ஒரு கையால் ஒரு கிளிப், அப்புறம் இன்னொன்று. "உப்பேய்..." என்று ஹாரன் முழுச் சத்தத்தில் கத்த ஆரம்பித்தது. ராத்திரி சவுண்டைக் குறைக்க மறந்திருக்கிறார். எதிர்வீட்டு ஆயா கதவைத் திறந்து திட்டுகிற திட்டில் தெருவே எழுந்துவிட்டது. அப்பா கிளிப்பைப் பிடுங்கிவிட்டு, என்னைப் பார்த்து, சத்தமே வராத அந்தத் தொண்டையால் சிரித்தார். கிளிப்பை எந்தப் பக்கம் மாட்டியிருந்தார் என்று நான் பார்க்கவில்லை.

சார் போட்டுக் கொடுத்த சர்க்யூட்டை இப்போது ஹாஸ்டலில் செய்துகொண்டிருக்கிறேன். மீன் வண்டிக்காரர் ஒருவரும் தனக்கு ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஐஆர்எஃப்540 இரண்டு இருக்கிறது. 9540 ஒன்றுதான் மிச்சம். நண்பர்களே, யாரிடமாவது நல்ல ஐஆர்எஃப்9540 ஒன்று சும்மா கிடந்தால் கொடுத்து உதவுங்கள். செமஸ்டர் முடிவதற்குள் திருப்பித் தருகிறேன். இல்லாவிட்டால் ஒரு படி உப்பு.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை